இடது கையை அறிந்தவள்

என் வீட்டுக்காரரின் இடது கையை என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தி போடியில் இருந்தாள். எந்த விரலின் எந்தக் கணு காலையில் மடங்காது, எது வெயில் ஏறிய பிறகு கொஞ்சம் இளகும், எந்த இடத்தில் கை வைத்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவரோடு குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணைப் பெற்று, அவளை மதுரையில் காலேஜ் வரைக்கும் அனுப்பிவிட்ட எனக்கு அது தெரியாது. இதை எழுதும்போதும் வயிற்றில் ஒரு ஓரமாக எரிகிறது.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதும் இல்லை. அவர் 'அந்தப் புள்ள' என்பார். நான் 'உங்க டாக்டரம்மா' என்பேன். அவள் டாக்டர் இல்லை, பிசியோதெரபி படித்தவள். அது எனக்கும் தெரியும். 'உங்க' என்பதில் நான் வைத்த அழுத்தம் அவர் காதில் விழுந்ததா என்றுதான் கடைசி வரை தெரியவில்லை.

அழகி என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கோபப்படுவது சுலபமாக இருந்திருக்கும். குட்டையான உருவம், முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து, எப்போதும் இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. என்னைவிட வயதில் மிகவும் சின்னவள். தேவாரத்துப் பெண். அவள் அப்பாவுக்கு மலையடிவாரத்தில் சோளக்காடு இருந்தது. கதிர் பிடிக்கிற காலத்தில் யானை இறங்கினால் அந்த வீட்டில் ஒருவரும் தூங்க முடியாது. மறுநாள் போடிக்கு வரும் பஸ்சில் அவள் தூங்கிவிடுவாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து, ஒரு கடலை மிட்டாயைக் கடித்தபடி நிதானமாக வந்து சேர்வாள். அதுவரை அவள் அறை வாசலில் ஆட்கள் முழங்காலையும் இடுப்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் முணுமுணுத்ததாகக்கூட எனக்குத் தெரியாது.

ஒரு மெடிக்கல் கடைக்கு மேலே மாடியில் அந்த அறை. கால் வலிக்காரர்களைச் செங்குத்தான படி ஏற வைக்கிறாளே என்று நான் பலரிடம் குறை சொல்லியிருக்கிறேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, நாலைந்து ரப்பர் பந்துகள், வெந்நீர் பிளாஸ்க் ஒன்று, பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவளுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. யாரையும் கேட்காமல் தொட மாட்டாள். தன் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, 'தொடட்டுமா?' என்று கேட்பாள். வந்தவர் வேண்டாம் என்றால் தொடாமலேயே அனுப்பிவிடுவாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததே இல்லை. வளையல் உரசிவிடும் என்று கையில் ஒன்றும் போடுவதில்லை. நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள்.

இன்னொன்று, 'ஒண்ணுமில்ல' என்ற சொல்லை அந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது. நோயாளியும் சொல்லக் கூடாது, கூட வந்தவர்களும் சொல்லக் கூடாது. ஊரில் பெரிய ஆள் ஒருவர் தன் மருமகளைத் தோள்வலி என்று கூட்டி வந்தாராம். படம் எடுத்துப் பார்த்தாச்சு, எலும்பில் ஒன்றுமில்லை, இவள் வேலைக்குப் பயந்து நடிக்கிறாள், நீயே சொல்லு என்றாராம். இவள் அந்தப் பெரிய மனிதரை எழுந்து வெளியே போய் உட்காரச் சொல்லியிருக்கிறாள். படத்தில் வலி தெரியாது, வலிக்கிறவருக்குத்தான் தெரியும் என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டாளாம். இந்தக் கதை போடி முழுக்கச் சுற்றியது. என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்க வந்த பெண்களே மூன்று நான்கு விதமாக எனக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஊசியில் நூல் கோப்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

என் வீட்டுக்காரர் ஜீப் டிரைவர். விடிந்தும் விடியாமலும் போடியில் பெண்களை ஏற்றிக்கொண்டு, முந்தல் வழியாக வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கூட்டி வருவார். இடையில் ஏலக்காய் லோடு இருந்தால் அதையும் இறக்குவார். ஜீப்பு அவருக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி. மலையில் ஏறும்போது கியர் மாறுகிற சத்தத்தை வைத்தே யார் வண்டி வருகிறது என்று சொல்லிவிடுவார்.

முதலில் சட்டைப் பொத்தான்தான். காலையில் பொத்தான் போட நேரமாகிறது என்று, எல்லாச் சட்டைக்கும் அழுத்துகிற பொத்தான் வைத்துத் தரச் சொன்னார். இப்போ அதுதான் எல்லோரும் போடுறாங்க என்றார். நானும் நம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தேன். பிறகு டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினார். பிறகு நான் பக்கத்தில் போனால் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார்.

என் தங்கை மகளுக்குக் காது குத்து குரங்கணியில் நடந்தது. கோயில் வாசலில் கூட்டம். படியில் இறங்கும்போது வழக்கமாகப் பிடிப்பதுபோல அவருடைய இடது கையைப் பிடித்தேன். நெருப்பைத் தொட்டவர்போல உதறினார். என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். என் நாத்தனார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவர் ஜீப்பைப் பார்த்து நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். ஒண்ணுமில்ல, வேர்வையா இருந்துச்சு என்றார்.

கை வீங்கியிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஸ்டீயரிங் பிடித்த கை அப்படித்தான் இருக்கும் என்றார். வாயு என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். எண்ணெய் போட்டு நீவுகிறவரிடம் ஒரு தடவை போய்வந்தார், அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. வலியா என்று கேட்டால் வலி இல்லை என்பார். பிறகு ஏன் என்னைத் தொடவிடுவதில்லை? நான் எனக்குத் தெரிந்த கணக்கைத்தான் போட்டேன். ஒரு ஆம்பளை பெண்டாட்டி கையை உதறுகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம்தான் எனக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து, சுடிதார் அளவு கொடுக்க வந்த ஒருத்தி, அண்ணனை மெடிக்கல் கடை மாடியில் அடிக்கடி பார்க்கிறேனே, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். எனக்கு அந்த மாடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடியே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

படியேறிப் போனபோது வெளியே பெஞ்சில் தோட்ட வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மலைக்கு மேலே கேரளத்துப் பூப்பாறைப் பக்கமே பாதி வாழ்க்கையைக் கழித்தவள் போலிருந்தது. குத்தவைத்து ஏலக்காய் பறித்துப் பறித்து முட்டி போய்விட்டது, தாங்க முடியவில்லை என்பதை மலையாளத்தில் 'சகிக்க வய்யா' என்றாள். நான் தலையாட்டினேன். காது மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது. திரை கடைசி வரை மூடவில்லை. சந்து வழியாகப் பார்த்தேன்.

மேசை மேல் அவருடைய இடது கை விரிந்து கிடந்தது. அவள் கை அதன் அடியில் இருந்தது, ஏந்திக்கொண்டதுபோல. அவர் உதறவில்லை. முகத்தில் எனக்குத் தெரியாத ஒரு தளர்ச்சி. அவர் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனிதர்.

"எறக்கத்துல ரெண்டாவது கியர் போடணும்மா. கியர்க் கம்பியோட குண்ட விரலால சுத்திப் பிடிக்க முடியல. மணிக்கட்ட வெச்சு இடிச்சு இடிச்சுத் தள்றேன். நேத்து கியர் விழல. வண்டி ஓடுது. பின்னாடி அத்தன பொம்பளைக. பிரேக்க மிதிச்சு மிதிச்சு, பாறையில ஒதுக்கி நிறுத்துனேன். அவுககிட்ட வண்டி சூடாயிருச்சுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு வலது கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள், வலி எங்கே தொடங்கியது என்று மட்டும் கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கினார்.

நான் உள்ளே போகவில்லை. சண்டை போடத்தான் வந்தேன். அவள் கை அவர் கையைத் தொட்டதற்காகச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் அவர் சாகப் பார்த்ததை, ஒரு ஜீப்பு நிறையப் பெண்களோடு பள்ளத்தில் போகப் பார்த்ததை, என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னதற்கு எப்படிச் சண்டை போடுவது? படியிறங்கி வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் ஜீப்பு வீட்டு முன்னால் வந்து நிற்கும் வரை வாசலிலேயே நின்றேன். இறங்கியவர் ஏன் இங்க நிக்கிற என்றார். காத்து வாங்குறேன் என்றேன்.

அதற்கப்புறம் அவளைப் பற்றி விசாரிப்பதே எனக்கு ஒரு சோலியாகிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. எல்லா ஆண்களையும் அண்ணே என்றும் எல்லாப் பெண்களையும் அக்கா என்றும் கூப்பிடுகிறாள். அண்ணே என்று கூப்பிட்டால் யாரும் எரியக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? எரிந்தது. மாடிக்குப் போவதை ஒருநாள் அவரே போகிற போக்கில் சொல்லிவிட்டார், எவ்வளவு வலி என்று மட்டும் சொல்லவில்லை. அதிலிருந்து வீட்டுக்கு வந்து 'அந்தப் புள்ள சொல்லுச்சு' என்று அவர் ஆரம்பிப்பது என்னமோ என் பெயரைத் தப்பாகச் சொல்வதுபோல இருந்தது. ஏனென்றால் அவள் சொன்னதும் அவர் பெரிய டாக்டரைப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். இது சூடு வைத்தோ நீவியோ போகிற வலி இல்லை, இரண்டு கையிலும் ஒரே கணுக்களில் வீங்குகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, அசைத்தால் குறைகிறது, என்னால் ஆகாது, மதுரைக்குப் போங்கள் என்று அவளே சொல்லிவிட்டாளாம். நான் அதற்கு முன்னால் எத்தனையோ தடவை மதுரைக்குப் போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

மதுரைக்குப் போவதற்கு முன்னால்தான் எனக்கு நகச்சுத்தி வந்தது. தைக்கும்போது ஆள்காட்டி விரலின் நக ஓரத்தில் ஊசி இறங்கியது. தையல்காரிக்கு இது புதிதில்லை என்று விட்டுவிட்டேன். விரல் சிவந்தது, வீங்கியது, பிறகு உள்ளேயே ஒரு நெஞ்சு வைத்து அடித்துக்கொள்வதுபோல விண்விண் என்றது. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து செருகிக்கொண்டேன். அரிசி களையக் கை விட்ட வெதுவெதுப்பான தண்ணீர் கொதிநீர் மாதிரி சுட்டது. ஒரு பெண் பட்டுச் சேலையை விரித்துக் காட்டியபோது அதன் நுனி விரலில் பட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடி வந்தார்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். விரலைப் பார்த்தவர், காட்டு என்று கையை நீட்டினார். என்னை அறியாமல் கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "தொடாதீங்க" என்று கத்திவிட்டேன். அவர் நீட்டிய கையை அப்படியே மெல்லக் கீழே இறக்கினார். முகத்தில் கோபம் இல்லை. "செருப்பப் போடு, போலாம்" என்றார்.

நேராக அந்த மாடிக்குத்தான் கூட்டிப் போனார். என் சீழ் பிடித்த விரலுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூட எனக்குத் தெம்பில்லை. அவள் எழுந்து வந்து, உள்ளங்கையை உரசிக்கொண்டு, தொடட்டுமா அக்கா என்றாள். வேண்டாம் என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவள் உடனே கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, குனிந்து பார்த்தாள். இதைக் கீறிச் சீழை எடுக்க வேண்டும், எதிர்த்த ஆஸ்பத்திரி டாக்டர் நாலு மணிக்கு வருவார், நானே கூட்டிப் போகிறேன் என்றாள். என் வீட்டுக்காரரைக் கீழே போய் மாத்திரை வாங்கி வரச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் தனியாக உட்கார்ந்திருந்தோம்.

வலியில் மனுஷிக்குப் பேச்சு எங்கேயாவது போகும். சேலை நுனி பட்டதற்கு உயிர் போகிறதே, சேலைக்கு என்ன கனம் இருக்கிறது என்று கேட்டேன். என்னைக் கேட்டுக்கொண்டதுதான். அவள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"சேல அப்படியேதான்க்கா இருக்கு. ஒங்க நரம்புதான் மாறிப்போச்சு. நரம்போட நுனியில சின்னச்சின்னக் கதவு மாதிரி இருக்கும். நல்லா சுட்டாத்தான், பலமா அடிபட்டாத்தான் அது தொறக்கும். தொறந்தாத்தான் மூளைக்கு வலின்னு சேதி போகும். இப்ப ஊசி போன எடத்துல கிருமி வந்துருச்சு. ஒடம்பு அதோட சண்ட போடுது. சண்டையில வீங்குது, சூடாகுது, அங்கன உள்ள அணுக்கள் என்னென்னமோ சுரக்குது. அதெல்லாம் போய் நரம்பு நுனியில ஒட்டுது. ஒட்டுனதும் கதவு லூசாயிருது. கொதிக்கிற தண்ணிக்குத் தொறக்க வேண்டியது, வெதுவெதுன்னு இருந்தாலே தொறந்துக்கிருது. சேல நுனி போதும். நாடி அடிக்கிறதே போதும்."

அதோடு நிற்கவில்லை. இது நாள்கணக்கில் நீடித்தால் நரம்பு அணு தன் உள்ளிருந்தே இன்னும் கதவுகளைச் செய்து நுனிக்கு அனுப்புமாம். முதுகுத்தண்டு வரைக்கும் பழகிப்போய், சின்னச் சேதியையும் பெரிதாக்கி மேலே அனுப்புமாம். அப்போது வீங்காத பக்கத்து இடமும் வலிக்குமாம். அவள் மேசை மேல் இருந்த ரப்பர் பந்தை உருட்டி உருட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அண்ணனுக்குக் கிருமி இல்லக்கா. அவரு ஒடம்பே அவரு மூட்ட எதிராளின்னு நெனச்சுச் சண்ட போடுதுன்னு எனக்குச் சந்தேகம். அத மதுரையில பாத்துச் சொல்லிருவாங்க. வலி மட்டும் ஒங்க வெரல் மாதிரிதான். ரெண்டு கையிலயும், எல்லாக் கணுவுலயும், மாசக்கணக்குல."

கோயில் படியில் அவர் உதறிய கையை நினைத்துக்கொண்டேன். பட்டுச் சேலைக்கே நான் இப்படிக் கத்தினேன். அவர் கத்தவில்லை, உதறினார், அவ்வளவுதான். அதை நினைத்து அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு கேள்வி. வெகு நாளாக வைத்திருந்த கேள்வி.

"நீ தொட்டா மட்டும் வலிக்கலையா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எப்போதோ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது.

"வலிக்கும்க்கா. நான் தொட்டாலும் வலிக்கும். எங்கிட்ட வலிக்குதுன்னு சொல்லிருவாரு. நான் கைய எடுத்துருவேன். ஒங்ககிட்ட சொல்ல மாட்டாரு, அதான் உதறிருவாரு. சொன்னா மலைக்கு விட மாட்டீங்கன்னு பயம்."

அவர் மாத்திரையோடு படியேறி வந்தார். அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். டாக்டர் கீறும்போது என் மறு கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். அன்றைக்கு நான் அவளை மனதார வாழ்த்தியிருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். கதவு, சேதி, சண்டை எல்லாம் புரிந்தது. பொறாமை மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. முன்பாவது தெரியாத ஒன்றைக் கண்டு எரிந்தேன். இப்போது அவள் எனக்குத் தந்திருந்தது என் புருஷனைப் பற்றிய அறிவு. அதை அவள் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

மதுரையில் முடக்குவாதம் என்றார்கள். வாரத்துக்கு ஒரு மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, பொறுமை. முதல் சில மாதம் ஜீப்பை வேறொருவர் ஓட்டினார். காலையில் அந்த வண்டி தெருவைத் தாண்டும்போது இவர் என் கடையில் உட்கார்ந்து, கியர் மாறுகிற சத்தத்துக்கு முகம் சுளிப்பார். மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. அவள் சொன்னபடி ரப்பர் பந்தை அழுத்தினார், மேசையில் விரல்களை நடக்கவிட்டார். ஒருநாள் பழைய பெட்டியிலிருந்து, நான் மாற்றாமல் விட்ட ஒரு பொத்தான் சட்டையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்படியில் இருந்தேன். திரும்பி வந்தவர், அந்தப் புள்ள பாத்துட்டுக் கை தட்டுச்சு என்றார். எனக்குக் காட்டுவதற்கு முன்னால் அங்கே போய்க் காட்டியிருக்கிறார். அன்று ரசத்தில் உப்புப் போடவில்லை, மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அவளே என் கடைக்கு வந்தாள், சுடிதார் தைக்க. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை. துணியைக் கொடுத்துவிட்டுக் கையை விரித்து நின்றாள். தோளை அளந்தேன், முதுகை அளந்தேன். கை நீளத்துக்கு டேப்பை இறக்கி வலது கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வைத்ததும் அவள் உடம்பு ஒரு வெட்டு வெட்டியது. பார்த்தேன். அந்த இடம் லேசாகப் புடைத்திருந்தது. ஊர்க்காரர்கள் உடம்பையெல்லாம் தாங்கித் தாங்கி வந்தது.

வலிக்குதா என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. பல் சந்து தெரியச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வெகு நாளாகவே இருக்கிறது, வீட்டில் சொன்னால் வேலைக்குப் போக வேண்டாம் என்பார்கள், அண்ணனிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றாள். நான் டேப்பை விலக்கி, தொடாமல், கண்ணாலேயே அந்தக் கையின் அளவை எடுத்தேன். கைப்பகுதியை வழக்கத்தைவிட ஒரு விரல் அகலமாக வைத்துத் தைத்தேன். அந்தச் சுடிதார் நான் தைத்ததிலேயே நன்றாக அமைந்தது. ஏன் என்று கேட்டால் அன்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்குத் தெரியாத அவளுடைய வலி ஒன்று என்னிடம் இருந்தது. அவர் 'அந்தப் புள்ள' என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன். உள்ளே கொஞ்சம் குளிரும். அவள் வலி எனக்குக் குளிர்ச்சியாக இருந்ததை நினைத்தால் சில நேரம் பயமாகவும் இருக்கும். கடைசி வரை அவரிடம் நான் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு பேரும் தேவாரம் போய்வந்தோம். அவர் நல்ல பச்சைக் காயாகப் பார்த்துப் பொறுக்கிய ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த மாடி அறையில் வேறு யாரோ செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளிடமிருந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். பூப்படம்தான். எனக்குத் தனியாக வந்ததில்லை. பிறகு அதுவும் நின்றது. அவள் மணிக்கட்டு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. கேட்க நம்பர் இருக்கிறது. கேட்டதில்லை.

அவர் மறுபடி மலைக்குப் போகிறார். நல்ல நாள்தான் அதிகம். போன ஐப்பசியில் விடாமல் மழை பிடித்தது. குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை. அன்று காலை ஜீப்பு வாசலில் நின்றது, பெண்கள் தூக்குவாளியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு, டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத்தான் தெரியுமே.

"இன்னைக்கு முடியாது போல" என்றார். தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "எடது கை. காலையிலிருந்து உள்ளுக்குள்ள கொதிக்குது. நேத்தே இருந்துச்சு. கியர் பிடிக்க வராது."

நான் நனைந்துகொண்டே வெளியே போய், அவருக்கு முடியவில்லை, அடுத்த வண்டியில் போங்கள் என்று சொன்னேன். பெண்கள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள். திரும்பி வந்து எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொதிக்குது என்று அவர் அதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை. இப்படிச் சொல்ல யார் பழக்கினார்கள் என்று தெரியாதா எனக்கு. பழைய எரிச்சல் மறுபடி வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

எங்கே என்று கேட்டேன்.

அவர் கையை மேசை மேல் விரித்து வைத்தார். சுட்டுவிரலின் நடுக்கணுவில் ஆரம்பித்து, விரல் விரலாகச் சொல்லத் தொடங்கினார்.